சோனோஸ் ஸ்பீக்கரில் சொந்தப் பாட்டுத் தொகுப்பை மீட்பது: எந்த வழி எந்த வீட்டுக்கு?

2024 மே 7 அன்று, வீட்டு வைஃபையில் இயங்கும் ஸ்பீக்கர்களைத் தயாரிக்கும் சோனோஸ் நிறுவனம் தன் கைப்பேசிச் செயலியை அடியோடு மாற்றி வெளியிட்டது. அலாரம், குறித்த நேரத்தில் தானாக நிற்கும் வசதி, பாட்டு வரிசையைத் திருத்துவது எனப் பழகிப்போன பலவற்றை அதில் காணவில்லை. வீட்டுக் கணினியில் சேர்த்துவைத்த சொந்தப் பாட்டுகளில் தேடும் வசதியும் அவற்றோடு போயிற்று. எதிர்ப்பு வலுத்ததும், ஜூலை மாத இறுதியில் அப்போதைய தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, எது எப்போது திரும்பும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். சொந்தத் தொகுப்பை அமைப்பது, தேடுவது, இசைப்பது ஆகியவை அந்தப் பட்டியலின் முதல் வரிசையிலேயே இருந்தன. 2025 ஜனவரியில் அவர் பதவி விலகினார்.

வசதி திரும்பிவிட்டதாலேயே பாட்டு திரும்பிவிடாது. இடைப்பட்ட காலத்தில் விண்டோஸ் புதுப்பிக்கப்பட்டிருக்கும், ரூட்டர் மாறியிருக்கும், பழைய கணினி பரணுக்குப் போயிருக்கும். இணைப்பு எங்கோ அறுந்து கிடக்கும். அதைத் தேடிப் பார்க்க அலுத்து, ஸ்ட்ரீமிங் சந்தாவே போதும் என்று விட்டுவிடத்தான் மனம் வரும். அப்படி விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஸ்ட்ரீமிங்கில் கோடிக்கணக்கான பாட்டுகள் உண்டு. ஆனால் உங்கள் மாமா சபாவில் உட்கார்ந்து கேசட்டில் பதிந்த கச்சேரி அங்கே இல்லை. இலங்கை வானொலியிலிருந்து டேப்பில் பிடித்துவைத்த நிகழ்ச்சி இல்லை. ஊர்க் கோயில் திருவிழாவின் நாதஸ்வரம் இல்லை. அவற்றைக் கணினிக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி அடுக்கியவருக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும்.

வழிகளை ஒப்பிடும் முன் என்ன அறுந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். சோனோஸில் சொந்தத் தொகுப்பு மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. பாட்டுக் கோப்புகள் கணினியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கின்றன. அவற்றின் அட்டவணை ஸ்பீக்கர்களின் நினைவகத்தில் இருக்கிறது. கைப்பேசிச் செயலி அந்த அட்டவணையைக் காட்டும் சன்னல் மட்டுமே. ஆகவே முதலில் விண்டோஸ் அல்லது மேக் கணினிக்கான சோனோஸ் செயலியைத் திறந்து அதே தொகுப்பைத் தேடுங்கள். அங்கே தெரிந்து, பாட்டும் ஒலித்தால், கோளாறு கைப்பேசியில்தான். ஐபோனில் உள்ளூர் நெட்வொர்க்கை அணுகும் அனுமதி அணைந்திருக்கலாம், அல்லது விபிஎன் ஓடிக்கொண்டிருக்கலாம். அங்கே பெயர்கள் தெரிந்தும் பாட்டு ஒலிக்கவில்லை என்றால், அட்டவணை நலமாக இருக்கிறது, கோப்புகளுக்குப் போகும் பாதை அறுந்திருக்கிறது. பெயர்களே இல்லை என்றால்தான் முழுமையாக மறுபடி அமைக்க வேண்டும். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகாது. பாதி வீடுகளில் வேலை இதோடு முடிந்துவிடும் என்பது என் எண்ணம்.

மறுபடி அமைக்க வேண்டியவர்கள் முன்னால் உள்ள முதல் வழி, சோனோஸ் தொடக்கத்திலிருந்தே தரும் வழி. பாட்டுகள் உள்ள ஃபோல்டரை வீட்டு நெட்வொர்க்கில் பகிர்ந்து, அதன் முகவரியைச் செயலியில் கொடுத்துவிட்டால், ஸ்பீக்கர்கள் தாமே போய்ப் படித்து அட்டவணை போட்டுக்கொள்ளும். இந்தப் பகிர்வுக்கு எஸ்எம்பி என்ற நெறிமுறை பயன்படுகிறது. முகவரி எழுதும் முறை எளிது: இரண்டு பின்சாய்வுக் கோடு, பாட்டு இருக்கும் கணினி அல்லது பெட்டியின் பெயர் (அல்லது நெட்வொர்க்கில் அதன் ஐபி எண்), மறுபடி ஒரு பின்சாய்வு, பகிர்ந்த ஃபோல்டரின் பெயர். \\192.168.1.50 என்று தொடங்கும் ஒரு வரி, அவ்வளவுதான். இதற்கென்று தனிப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கி, படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். ஸ்பீக்கருக்கு உங்கள் கோப்பை அழிக்கும் உரிமை எதற்கு?

இதற்கு மாதச் சந்தா கிடையாது. பாட்டு வீட்டுக்குள்ளேயே பயணம் செய்கிறது. கச்சேரிப் பதிவில் ஆலாபனை ஒரு கோப்பிலும் கிருதி அடுத்த கோப்பிலுமாகப் பிரிந்திருந்தாலும் இடையில் வெட்டு விழாமல் தொடர்கிறது. குறைகளும் உண்டு. அதிகபட்சம் 65,000 பாட்டுகள்தான் அட்டவணையில் ஏறும். அது உச்சவரம்பு, தலைப்பும் பெயர்களும் நீளமாக இருந்தால் அதற்கு முன்பே இடம் நிரம்பிவிடலாம். தமிழில் பெயர் எழுதுபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் தேவை. 'தமிழ்' என்ற சொல்லுக்கே 15 பைட் போகிறது. ஐயாயிரம், பத்தாயிரம் பாட்டு வைத்திருப்பவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஐம்பதாயிரத்தைத் தாண்டியவர் மற்ற வழிகளைப் பார்ப்பது நல்லது. ஒலித்தரத்திலும் ஒரு வரம்பு இருக்கிறது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான் புதிய ஸ்பீக்கர்களே ஏற்கும். 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸில் பதிந்த கோப்புகள் இந்த வழியில் ஒலிக்காது. குறைத்து இன்னொரு பிரதி எடுக்க வேண்டும்.

ஃபோல்டரை எந்த இயந்திரத்தில் வைப்பது என்பதுதான் இந்த வழியில் உண்மையான தேர்வு. மடிக்கணினியில் வைத்தால் அதை மூடியதும் பாட்டு நின்றுவிடும். ரூட்டரின் பின்னால் யூஎஸ்பி துளை இருந்தால் பென்டிரைவைச் செருகிப் பகிரலாம். செலவே இல்லாத ஏற்பாடு, ஆனால் பல ரூட்டர்கள் எஸ்எம்பியின் பழைய பதிப்பைத்தான் பேசும், வேகமும் குறைவு. சினாலஜி, கியூநாப் போன்ற நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமித்துப் பகிரும் பெட்டி) வைத்திருப்பவருக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. அது இல்லாதவர்களுக்கு நான் சொல்வது, ஒரு ராஸ்பெரி பை சிறு கணினியும் ஒரு எஸ்எஸ்டியும். மின்சாரம் சில வாட் மட்டுமே இழுக்கும், சத்தம் இல்லை, சாம்பா என்ற இலவச மென்பொருள் பகிர்வைப் பார்த்துக்கொள்ளும்.

கரண்ட் அடிக்கடி போய் வரும் ஊரில் இருப்பவர்கள் அந்தப் பெட்டிக்கு ரூட்டரில் நிலையான ஐபி எண் ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் திரும்பும்போது ரூட்டர் அதற்கு வேறு எண் கொடுக்கலாம், ஸ்பீக்கர் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரூட்டரும் பெட்டியும் ஒரே இன்வெர்ட்டரில் இருந்தால் இன்னும் நல்லது.

பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களின் கதை வேறு. 2020இல் சோனோஸ் தன் சாதனங்களை எஸ்1, எஸ்2 என்று இரண்டு செயலிகளாகப் பிரித்தது. முதல் தலைமுறை பிளே:5, பழைய கனெக்ட் போன்றவை எஸ்1 பக்கம் நின்றுவிட்டன. 2024 மாற்றம் அவற்றைத் தொடவில்லை. அங்கே சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: எஸ்1 பேசுவது எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டுமே. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற பணப்பறிப்பு வைரஸ் தாக்குதல் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதைப் புதிய கணினிகளில் நிறுவுவதை நிறுத்தியது. சாம்பாவும் 2019இல் அதை இயல்பாக அணைத்துவிட்டது. எஸ்1 வீடுகளில் தொகுப்பு ஒரு நாள் திடீரென்று ஒலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இணையத்தில் தேடினால் விண்டோஸில் அந்த முதல் பதிப்பை மறுபடி இயக்கச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருக்கும் கணினியில் அதைச் செய்யாதீர்கள். தனியாக ஒரு ராஸ்பெரி பை வாங்கி, அதில் பாட்டின் பிரதியை மட்டும் வைத்து, சாம்பா அமைப்புக் கோப்பில் குறைந்தபட்ச நெறிமுறையை என்டி1 (அந்த முதல் பதிப்பின் பெயர்) என்று மாற்றி, படிக்க மட்டும் திறந்துவிடுங்கள். அந்தப் பெட்டியை யாராவது உடைத்தாலும் போவது ஒரு பிரதிதான்.

இரண்டாவது வகை, அட்டவணையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் பாட்டை நேரே ஸ்பீக்கருக்கு அனுப்புவது. ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு, ஒலியை வைஃபை வழியே ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆப்பிளின் ஏர்பிளே 2 இருக்கிறது. 2018இலிருந்து சோனோஸின் புதிய ஸ்பீக்கர்கள் அதை ஏற்கின்றன. ஏற்காத பழைய ஸ்பீக்கர், ஏற்கும் ஒன்றோடு குழுவாகச் சேர்ந்தால் அதுவும் பாடும். ஆண்ட்ராய்டில் பபிள்யூபிஎன்பி என்ற செயலி அதே வேலையைச் செய்கிறது. எல்லாவற்றையும் விட நேரடியான வழி ஒயர். சோனோஸின் ஃபைவ், போர்ட், ஆம்ப் ஆகிய சாதனங்களில் ஒலி உள்ளீட்டுத் துளை உண்டு; எரா 100, எரா 300 இரண்டுக்கும் தனியாக ஒரு இணைப்பி வாங்க வேண்டும். பழைய கேசட் டெக்கையே அதில் செருகி வீடு முழுவதும் கேட்கலாம். இவற்றை நிரந்தர ஏற்பாடாக நான் பரிந்துரைக்க மாட்டேன். கைப்பேசி வெளியே போனால் பாட்டும் போய்விடுகிறது, வீட்டில் மற்றவர்கள் தாமாகப் பாட்டு போட முடிவதில்லை. ஆனால் அடுத்த வாரம் வீட்டில் விசேஷம், இப்போதே பாட்டு வேண்டும் என்பவர் தயங்காமல் இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

வீட்டுக் கணினியில் உள்ள படங்களையும் பாட்டுகளையும் மற்றக் கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருளான பிளெக்ஸ் பலருக்குத் தெரிந்த பெயர். படம் பார்ப்பதற்காக ஏற்கெனவே பிளெக்ஸ் சர்வர் ஓட்டுபவர், அதில் பாட்டு ஃபோல்டரையும் சேர்த்து, சோனோஸ் செயலியில் பிளெக்ஸை ஒரு சேவையாக இணைத்துக்கொள்ளலாம். 65,000 என்ற வரம்பு இங்கே இல்லை. உறைப்படங்களும் கலைஞர் பக்கங்களும் பார்க்க அழகாக இருக்கும். என் தயக்கம் ஒன்றுதான். பாட்டு இருப்பது உங்கள் வீட்டில், ஸ்பீக்கர் இருப்பதும் உங்கள் வீட்டில். ஆனால் சோனோஸ் உங்கள் தொகுப்பைத் தேடுவது பிளெக்ஸ் நிறுவனத்தின் கணக்கு வழியாக. இணையம் அறுந்தால் எதிர் அறையில் இருக்கும் பாட்டைக் கேட்க முடியாது. தொகுப்பை மீட்கப் புறப்பட்டவர் அதை இன்னொரு நிறுவனத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது எனக்கு ஏற்பில்லை. ஏற்கெனவே பிளெக்ஸில் இருப்பவர் தொடரட்டும். இதற்காகவே புதிதாகத் தொடங்க வேண்டாம்.

சொந்தத் தொகுப்பை நிர்வகித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கட்டண மென்பொருளான ரூன் பணக்கார வழி. அதன் ஆண்டுக் கட்டணமே ஏறத்தாழ 150 டாலர், வாழ்நாள் உரிமம் 830 டாலரை ஒட்டி வருகிறது. அதற்கு மேல் எப்போதும் ஓடும் ஒரு நல்ல கணினியும் வேண்டும். சோனோஸோடு நன்றாக ஒத்துப்போகிறது, 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளைத் தானே குறைத்து அனுப்புகிறது. மேற்கத்திய செவ்வியல் இசையிலும் ஜாஸிலும் யார் வாசித்தது, எந்த ஸ்டூடியோ, எந்த ஆண்டு என்று அது சேர்த்துத் தரும் தகவல் படிக்கப் படிக்கச் சுவையானது. ஆனால் அந்தத் தகவல், வெளியான ஆல்பங்களுக்குத்தான். உங்கள் மாமா பதிந்த கேசட்டைப் பற்றி ரூனுக்கு ஒன்றும் தெரியாது. சொந்தப் பதிவுகள் மிகுந்த தமிழ்த் தொகுப்புக்கு அவ்வளவு பணம் கொடுப்பதில் நியாயம் இல்லை.

நான் மிகவும் மதிக்கும் வழி மியூசிக் அசிஸ்டென்ட். வீட்டுத் தானியங்கி வசதிக்கான ஹோம் அசிஸ்டென்ட் திட்டத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் அதைப் பேணுகிறது. திறமூல மென்பொருள், இலவசம். ராஸ்பெரி பை அல்லது பழைய கணினியில் நிறுவலாம். 4 ஜிபி நினைவகம் இருந்தால் நிம்மதி. அட்டவணையை ஸ்பீக்கரில் வைக்காமல் தன்னிடமே வைத்துக்கொள்வதுதான் இதன் முக்கியமான வேறுபாடு. அதனால் ஸ்பீக்கரின் நினைவகம் போதுமா என்ற கேள்வியே எழுவதில்லை. ஸ்பீக்கர் ஏற்காத கோப்பை ஏற்கும் வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். சோனோஸ் எஸ்1, எஸ்2 இரண்டோடும் பேசும், கூகுள் காஸ்ட், ஏர்பிளே ஸ்பீக்கர்களோடும் பேசும். நாளைக்கு வேறு நிறுவனத்தின் ஸ்பீக்கர் வாங்கினாலும் தொகுப்பை மறுபடி அமைக்க வேண்டியதில்லை. பிரவுசரைத் திறந்தால் போதும், அல்லது வரவேற்பறையில் ஒரு பழைய டேப்லெட்டை மாட்டிவைத்தால் வீட்டில் எல்லாரும் அதைத் தொட்டுப் பாட்டு போடலாம்.

இதன் விலை நேரம். நிறுவுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போகும். அடிக்கடி புதுப்பிப்பு வரும், சில சமயம் புதுப்பித்த பிறகு ஏதாவது ஒன்று முரண்டு பிடிக்கும். வீட்டில் ஒருவருக்காவது இதில் ஈடுபாடு இருக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் மகன் ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்காக அமைத்துக் கொடுப்பதாக இருந்தால், நான் முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். அவர்கள் கையில் இருக்கும் சோனோஸ் செயலியிலேயே பாட்டு தெரிய வேண்டும். இன்னொரு திரையைக் கற்றுக்கொள் என்று சொல்வது அன்பாகாது.

மியூசிக் அசிஸ்டென்ட் இளம் மென்பொருள் என்று தயங்குபவர்களுக்கு லைரியன் மியூசிக் சர்வர் இருக்கிறது. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் ஸ்குவீஸ்பாக்ஸ் போன்ற தன் இசைக் கருவிகளுக்காக எழுதிய மென்பொருள் அது. 2006இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது, 2012இல் கருவிகளை நிறுத்தியது. மூல நிரல் திறந்திருந்ததால் பயனர்கள் அதைக் கைவிடவில்லை. 2024இல் லாஜிடெக் தன் இணையச் சேவையையும் மூடியபோது, மென்பொருள் லைரியன் என்ற புதுப் பெயரில் தொடர்ந்தது. யூபிஎன்பி பாலம் என்ற செருகுநிரலைச் சேர்த்தால் சோனோஸ் ஸ்பீக்கர்களும் அதன் பட்டியலில் வரும். தோற்றம் பழையது. பெரிய தொகுப்பை அது சுமக்கும் லாவகம் அசாத்தியமானது. விற்ற நிறுவனம் விலகிய பிறகும் ஒரு பாட்டுப் பெட்டி எப்படி உயிரோடு இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆக, என் தேர்வு இப்படி. பெரும்பாலான எஸ்2 வீடுகளுக்கு நாஸ் அல்லது ராஸ்பெரி பையில் பகிர்ந்த ஃபோல்டர் போதும். எஸ்1 வீட்டுக்கும் அதுவே, தனிப் பெட்டியில். ஐம்பதாயிரம் பாட்டைத் தாண்டியவர், கலப்பாகப் பல நிறுவன ஸ்பீக்கர் வைத்திருப்பவர், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளைக் குறைக்க மனம் வராதவர் ஆகியோர் மியூசிக் அசிஸ்டென்டுக்குப் போகலாம். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளவும் தடையில்லை; ஒரே ஃபோல்டரை இரண்டும் படிக்கும், ஒன்று படுத்தால் மற்றது பாடும். எந்த வழியானாலும் கோப்புகள் சாதாரண ஃபோல்டரில், பெயர்கள் அந்தக் கோப்புகளுக்குள்ளேயே எழுதப்பட்டு இருக்க வேண்டும். பாட்டு எது, பாடியவர் யார் என்ற தகவலை ஏதோ ஒரு செயலியின் தரவுத்தளத்தில் மட்டும் வைத்திருப்பவர், அந்தச் செயலி போகும்போது அதையும் இழப்பார்.

முதல் வழியில் போகிறவர்களுக்கு இரண்டு நுணுக்கங்கள்.

பழைய பெட்டிக்குப் பதில் புதிய பெட்டி வைக்கும்போது, அதற்கும் பழைய பெட்டியின் பெயரையே சூட்டுங்கள். பகிர்ந்த ஃபோல்டரின் பெயரும் உள் அடுக்கும் அப்படியே இருக்கட்டும். சோனோஸ் பிளேலிஸ்ட்டில் ஒவ்வொரு பாட்டும் முழு முகவரியோடு பதிவாகியிருக்கிறது: பெட்டியின் பெயர், ஃபோல்டரின் பெயர், கோப்பின் பெயர். பெட்டி பழைய பெயரில் பதில் சொன்னால் பல ஆண்டுகளாகச் சேர்த்த பிளேலிஸ்ட்டுகள் தாமாக உயிர்பெறும். பெயர் ஓரெழுத்து மாறினாலும் பட்டியலில் பாட்டின் தலைப்பு தெரியும், தொட்டால் ஒலிக்காது. ஐபி எண்ணால் இணைத்திருந்தால் அதே எண்ணைப் புதிய பெட்டிக்கு ஒதுக்க வேண்டும்.

மற்றது திரைப்படப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கு. ஒரு படத்தில் ஆறு பாட்டு, ஆறுக்கும் வெவ்வேறு பாடகர்கள். கோப்பில் பாடியவர் பெயர் மட்டும் எழுதியிருந்தால், அட்டவணை அந்த ஒரே படத்தை ஆறு ஆல்பங்களாகச் சிதறடித்துவிடும். ஒவ்வொன்றிலும் ஒற்றைப் பாட்டு. எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருளில் படத்தின் எல்லாப் பாட்டுகளையும் ஒன்றாகத் தேர்ந்து, 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற புலத்தில் இசையமைப்பாளரின் பெயரை எழுதுங்கள். பாடியவர்களின் பெயர் அதற்குரிய புலத்தில் அப்படியே இருக்கட்டும். பிறகு சோனோஸின் இசைத் தொகுப்பு அமைப்பில், ஆல்பங்களை எதை வைத்துத் தொகுப்பது என்ற கேள்விக்கு 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்பதைத் தேர்ந்து, தொகுப்பைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். சிதறிய ஆறும் ஒரே படமாகச் சேரும், இசையமைப்பாளர் பெயரைத் தொட்டால் அவருடைய படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வரும். கச்சேரிக்கு முதன்மைக் கலைஞரின் பெயரை அந்தப் புலத்தில் எழுதி, வயலின், மிருதங்கக் கலைஞர்களைப் பாடியவர் பெயருக்குரிய புலத்தில் சேர்த்தால், பக்கவாத்தியக் கலைஞரின் பெயர்களும் கோப்போடு பத்திரமாக இருக்கும்.